பாதுகாப்பு ஞாயிறு

பெங்களூர் மர்பி டவுன் மீட்பர் ஆலயத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, வாடகைக் காரில் வந்து இறங்கியது.

இரண்டு பேராக வந்தது. ஒருவர் சுந்தரமூர்த்தி. அரசாங்கத்தில் பல இலாகாக்களை மேற்பார்த்து, எதிலும் எந்தத் தவறும் கண்டுபிடிக்காமல், நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர். மற்றவர் ஹரிஷ். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் தரத்தை அளக்கிற வேலை. எதனுடைய தரம் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஓர் அம்மையாரும் உண்டு. அவர் கனடாவில் இருந்ததால் அவருடைய புகைப்படம் மட்டும் வந்தது. மூவரும் சேர்ந்து திருமண்டலத்தின் சிறார் பாதுகாப்புக்கான சுதந்திர நிபுணர் மேற்பார்வைக் குழு.

வரவேற்புப் பாட்டுக்காகப் பிள்ளைகள் இரண்டு மணியிலிருந்தே வாசலில் நின்றார்கள். மூன்று மணிக்கு ஒரு சிறுமி மயங்கிச் சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசை குலைந்துவிடும் என்பதால், பாதுகாப்புக் குழு உள்ளே போகும்வரை இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். பாட்டு நன்றாக இருந்தது. பாடகர் குழு மாஸ்டர் குணசேகரை எல்லோரும் பாராட்டினார்கள்.

சுந்தரமூர்த்தி பேசினார்.

"நான் இந்து. ஹரிஷும் இந்து. உங்க சபையில எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. இங்க என்ன நடக்குதுன்னும் தெரியாது. இனிமேலும் தெரிஞ்சுக்க மாட்டோம்னு இந்த மேடையில உறுதி குடுக்கறேன். அதுக்குப் பேர்தான் சுதந்திரம்."

கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயவேலுவும் தட்டினார். சும்மா ஒப்புக்குத் தட்டவில்லை; உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

ஜெயவேலுவுக்கு எழுபத்து நாலு வயது. தங்கவயல் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களைக் கூண்டில் நிற்கவைத்து மூவாயிரம் அடி கீழே இறக்குவதும், ஷிஃப்ட் முடிந்ததும் மேலே ஏற்றுவதும் அந்த வேலை. கீழேயிருந்து வரும் மணிச் சத்தத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் போதும், கூண்டு நின்றுவிட வேண்டும். யார் அடித்தது, ஏன் அடித்தது என்பதெல்லாம் கூண்டு நின்ற பிறகுதான். இருபத்தேழு வருஷத்தில் அவர் கையால் ஒரு ஆளுக்கும் ஒரு காயம் இல்லை. சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தார். வந்த நாள் முதல் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் குடும்பத்துக்குத் தங்கவயலிலும் சரி, இங்கும் சரி, ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் ஒரு தூசு ஒட்டினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த மனிதர் கைதட்டினார் என்றால், நம்பித்தான் தட்டினார்.

குழு போகும்போது ஒரு நீலநிறப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனது. குறைகேட்புப் பெட்டி. அதை எங்கே மாட்டுவது என்று சபைக் கமிட்டி மூன்று கூட்டம் போட்டது. வாசலில் மாட்டினால் புதிதாக வருகிறவர்கள் இந்த ஆலயத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். ஆயர் அறையில் மாட்டினால் ஆயருக்குச் சங்கடம். கடைசியில், பிள்ளைகள் அதிகம் புழங்கும் இடம் என்பதால், பாட்டுப் பயிற்சி அறையில் மாட்டினார்கள். சாவி தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக அதைக் குணசேகரிடம் கொடுத்தார்கள். அவர் பொறுப்பான மனிதர். கீபோர்டுகூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஜனவரி பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. ஜெயவேலு செருப்பை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினார். மருமகள் ரோஸி வாசலை மறித்து நின்றாள். அவர் மகன் தோஹாவில் வண்டி ஓட்டுகிறான். வீட்டில் இவர், ரோஸி, ஏழாவது படிக்கிற பேத்தி தீபிகா, மூன்றே பேர்.

"மாமா, உக்காருங்க. ஒரு விஷயம்."

"வந்து கேக்கறேம்மா."

"இல்ல மாமா. இப்பவே."

அவள் சொன்னாள். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் தீபிகாவை மட்டும் நிறுத்திவைக்கிறார், கதவைச் சாத்துகிறார் என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒரு தாய் சொல்லக்கூடாததை ஒரு மாமனார் கேட்கக்கூடாத வார்த்தைகளில் சொன்னாள். ஜெயவேலு இரண்டாம் தடவை கேட்கவில்லை. பேத்தியைக் கூப்பிட்டும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தியே அவள் வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போலீசுக்குப் போலாம் மாமா," என்றாள் ரோஸி.

"வேணாம்."

"இன்னா வேணாம்?"

"நம்ம சபை விஷயத்த நாம ஏம்மா ஸ்டேஷன்ல போயி சொல்லணும்? அதுக்குன்னே பெரிய பெரிய ஆளுங்கள வெச்சு கமிட்டி போட்டுகிறாங்க. சொன்னா போதும். மொதல்ல அந்தாள நிறுத்துவாங்க. அப்புறம் விசாரிப்பாங்க."

மே மாதம் பிள்ளைகளுக்கு ஏற்காட்டில் மூன்று நாள் முகாம். அழைத்துப் போவது குணசேகர். அதற்குள் அந்த ஆளை நிறுத்திவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தார் ஜெயவேலு. நாலு மாசம் இருக்கிறது. சுரங்கத்தில் நாலு விநாடியில் நிறுத்துவார்கள்.

ஆயர் அஷ்வின் இளைஞர். இறையியல் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஜெயவேலு முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"ஐயா, ஐயா, நிறுத்துங்க. இதை நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க."

"ஏன் பாஸ்டர்?"

"கேட்டுட்டா நான் ஏதாச்சும் செய்யணும். நான் செஞ்சா சுதந்திரக் குழுவோட சுதந்திரம் கெட்டுப்போயிடும். முன்னாடியெல்லாம் இப்படி யாராச்சும் வந்து சொன்னா எங்களுக்குத் தர்மசங்கடம், தூக்கம் வராது. இப்ப அந்தப் பாரத்தைக் குழு எடுத்துக்கிச்சு. எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?"

ஜெபம் பண்ணி, ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்.

படிவம் பதினாலு பக்கம். ஜெயவேலு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அதைப் படித்தார். சம்பவத்தின்போது பிள்ளை ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்ததா? குற்றம் சாட்டப்படும் நபருடைய சேவையில் உங்களுக்குப் பிடித்த மூன்று அம்சங்கள் என்ன? சம்பவ இடத்தில் காற்றோட்டம் எப்படி? கடைசிப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் வரைந்து, புகார் அளித்த அனுபவம் எப்படி இருந்தது என்பதைக் குறிக்கச் சொல்லியிருந்தது.

அவர் பதினாலு பக்கத்திலும் குறுக்குக் கோடு போட்டார். கடைசிப் பக்கத்து வெள்ளையில், நடந்ததை ஆறு வரியில் எழுதினார். ஏழாவது வரி: 'குணசேகர் பிள்ளைகளோடு முகாமுக்குப் போகக் கூடாது.' கீழே கையெழுத்து, முழுப் பெயர். நீலப் பெட்டியின் சாவி யாரிடம் என்பது தெரிந்ததால், பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. 'தங்கள் புகாரை வரவேற்கிறோம். எனினும், தாங்கள் சிறார் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் பெறாதவர் என்பதால் அதைப் புகாராகக் கருத இயலவில்லை. தங்கள் சபையிலேயே நடைபெறும் பயிற்சியில் கலந்துகொண்டு பயன்பெறவும்.'

"இன்னா மாமா சொல்லுது?" என்றாள் ரோஸி.

"அடிபட்டவன் கத்தறதுக்கு லைசன்ஸ் வாங்கணுமாம்."

"இப்பவாச்சும் போலீஸ்..."

"ஒரு நாள் கிளாசு. வாங்கிட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் என்னா சொல்லித் தட்டிக்கழிப்பாங்க, பாத்துடலாம்."

பயிற்சி மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, சபை மண்டபத்தில். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நல்ல பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள். ஜெயவேலு வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் உள்ளே வந்தார். குணசேகர்.

ஒவ்வொரு சபையிலிருந்தும் ஆர்வமுள்ள ஒருவரை நிபுணர் குழு தேர்ந்தெடுத்துப் பயிற்சியாளராக்கியிருந்தது. மீட்பர் ஆலயத்தில் இந்த விஷயத்தில் எல்லோரையும்விட ஆர்வம் காட்டியவர் குணசேகர்தான். முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தார்.

குணசேகர் திரையில் படம் போட்டு, சிவப்பு விளக்குக் குச்சியால் சுட்டிக் காட்டி, நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். குரல் இனிமையான குரல்.

"ஆபத்தான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவன் ரௌடி மாதிரி இருக்கமாட்டான். இதை மொதல்ல எழுதிக்குங்க. நல்லாப் பேசுவான். பசங்களுக்குச் சாக்லெட் குடுப்பான். ஒரு பிள்ளையைத் தனியா நிறுத்தி, உனக்குத்தான் திறமை இருக்குன்னு சொல்லுவான். பெத்தவங்க அவனை ரொம்ப நம்புவாங்க. சபைக்கும் நிறைய செய்வான்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பின் வரிசையிலிருந்து ஆஞ்சலா கையைத் தூக்கினாள். அடுகோடியில் தையல் கடை வைத்திருப்பவள். வாயாடி என்று சபையில் பெயர். அவளுடைய சின்னப் பெண்ணும் பாடகர் குழுவில் இருந்தாள்.

"இன்னா மாஸ்டர், அப்படியே உங்களையே சொல்ற மாதிரி கீது!"

மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகக் குணசேகர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஞ்சலாவும் சிரித்தாள், சிரிப்பின் நடுவில் முதல் வரிசையில் ஒரு முதுகு மட்டும் ஆடாமல் நிமிர்ந்திருந்ததைப் பார்த்து, ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முடிவில் சான்றிதழ் வழங்கினார்கள். ஜெயவேலுவின் முறை வந்தபோது குணசேகர் ஒரு கையால் தாளை நீட்டி, இன்னொரு கையை அவர் தோளில் வைத்தார்.

"பேத்தி ஏன் தாத்தா இப்பல்லாம் ப்ராக்டீசுக்கு வர்றதில்ல? நல்ல குரல். முகாமுக்காச்சும் அனுப்பி வைங்க."

முப்பது உயிர் தொங்குகிற கம்பிக்கயிற்றை இழுத்துப் பிடித்த கை ஜெயவேலுவுடையது. அன்று ஒரு தாளை வாங்க நீளவேண்டியிருந்தது. தாளின் கீழே பயிற்சியாளர் கையொப்பம் என்ற இடத்தில் அழகாக எழுதியிருந்தது, குணசேகர் என்று. அந்தத் தாள் இல்லாமல் அந்த ஆள்மேல் புகார் கொடுக்க முடியாது. ஜெயவேலு வாங்கிக்கொண்டார். பிரியாணிக்கு நிற்கவில்லை.

விசாரணை ஏப்ரல் மூன்றாம் வாரம், திருமண்டல அலுவலகத்தில் குளிர்சாதன அறையில். ரோஸி லீவு போட்டுக் கூட வந்தாள். பெற்றவளுக்குச் சான்றிதழ் இல்லாததால் அவளை வெளியே உட்கார வைத்தார்கள்.

சுந்தரமூர்த்தி எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"மிஸ்டர் ஜெயவேலு, உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். இதுதான் எங்க குழுவோட முதல் புகார். நீங்க மட்டும் இல்லன்னா ஆண்டறிக்கையில அந்தப் பக்கம் காலியா இருந்திருக்கும். பாக்கறவங்க குழு என்னத்தக் கிழிச்சுதுன்னு கேட்டிருப்பாங்க."

"அந்தாள விசாரிச்சீங்களா சார்?"

"ஆளையா?" சுந்தரமூர்த்திக்கு முகம் சுண்டியது. "நாங்க ஆட்களை விசாரிக்கிறதில்ல. அது மட்டமான வேலை. மேற்பார்வைன்னா உயரத்துலேர்ந்து பாக்கணும். உயரத்துலேர்ந்து பாத்தா நடைமுறைதான் தெரியும். ஆளுங்க தெரியமாட்டாங்க. ஹரிஷ், சாருக்குக் காட்டுங்க."

ஹரிஷ் மடிக்கணினியைத் திருப்பினான். சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாம் பச்சை. ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் சிவப்பு.

"உங்க சபை தொண்ணூத்தாறு பர்சென்ட் பச்சை சார். பெட்டி இருக்கு, சாவி பொறுப்பான ஆள்கிட்ட இருக்கு, பயிற்சி நடந்திருக்கு, அட்டெண்டன்ஸ் சூப்பர். திருமண்டலத்துலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"மீதி நாலு?"

"அது நீங்க சார்."

ஜெயவேலு அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கட்டத்துக்குள்ள ஒரு பிள்ள கீது."

"இருக்கலாம் சார். ஆனா நடைமுறை சரியா இருந்தா தப்பு நடக்க வழியில்ல. வழியில்லன்னா நடக்கல. நடந்துச்சுன்னு நீங்க சொல்றது தனிப்பட்ட அனுபவம். அதுக்கு எங்க சிஸ்டத்துல இடம் இல்ல."

"முகாமுக்கு இன்னும் மூணே வாரம்."

"உங்க கவலையைக் குழு ரொம்பத் தீவிரமா எடுத்துக்கிட்டிருக்கு," என்றார் சுந்தரமூர்த்தி. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இது நிபுணராச் சொல்லல, உங்க வயசுக்காரனாச் சொல்றேன். நல்ல குடும்பம்னு கேள்விப்பட்டேன். பொண் குழந்தை. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. நாலு பேர் வாயில விழணுமா? மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மூன்று மாசமாகச் சேர்த்து வைத்திருந்தது அப்போதுதான் ஜெயவேலுவின் வாயைவிட்டு வந்தது.

"சார், மானம் போகவேண்டியது செஞ்சவனுக்கு. அவன் வெளக்குக் குச்சி வெச்சுகினு கிளாஸ் எடுக்கறான். அவன் மானத்தையும் சேத்து என் பேத்தி ஏன் சொமக்கணும்?"

ஹரிஷ் மடிக்கணினியில் வேகமாகத் தட்டினான். எழுந்து போகும்போது ஜெயவேலு திரையைப் பார்த்தார். 'புகார்தாரர் முழுமையாக ஒத்துழைத்தார்' என்று எழுதியிருந்தது.

ஆட்டோவில் வரும்போது ரோஸி சொன்னாள். "மாமா, நீங்க அவங்க மரியாதையா நடத்துவாங்கன்னு போறீங்க. அவங்க மரியாதையா நடத்தித்தான் அனுப்பறாங்க. அதோட சரி."

குழுவின் முடிவு வரட்டும் என்றுதான் ஜெயவேலு அப்போதும் நினைத்தார். எழுதிக் கொடுத்ததற்கு எழுத்தில் பதில் வரும், பெரிய மனிதர்கள் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறைத் திருமண்டலம் பாதுகாப்பு ஞாயிறு என்று அறிவித்தது. ஆராதனை முடிந்ததும் முகாம் பஸ் கிளம்பும். சனிக்கிழமை காலை ஆயர் அஷ்வின் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"ஐயா, நாளைக்கு அவசியம் வந்துடுங்க. உங்க புகாருக்கு நல்ல முடிவு. குழுவே நேர்ல வருது. மேடையில உங்களுக்குப் பொன்னாடை."

"குணசேகர் முகாமுக்குப் போறானா, இல்லையா?"

"எல்லாம் நாளைக்கு அறிவிப்பாங்க ஐயா. நான் இப்பச் சொன்னா குழுவோட சுதந்திரம்..."

ஜெயவேலு போனை வைத்தார். பேத்தி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஜனவரியிலிருந்து இதைப்பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலிருப்பதுதான் கௌரவம் என்று இருந்துவிட்டார்.

"நாளைக்கு அந்தாள் பஸ் ஏறினா, நான் எல்லார் முன்னாடியும் சொல்லவேண்டி வரும். சொன்னா, யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நீ வேணாம்னா வேணாம்."

தீபிகா கொஞ்ச நேரம் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க தாத்தா. ஆஞ்சலா ஆன்ட்டி பாப்பாவும் போறா. அவளுக்கு ஒம்போது வயசு."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வெளியே பஸ்ஸில் பலூன் கட்டியிருந்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில், 'நான் பாதுகாப்பானவன்' என்று நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு பாடகர் மேடையில் நின்றார்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதே சட்டைதான். அச்சகத்தில் ஒரே அச்சாகப் போட்டால் மலிவு.

சுந்தரமூர்த்தி அறிக்கையை வாசித்தார்.

"இந்தச் சபையிலேர்ந்து வந்த புகார் எண் ஒன்று முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். முகாமில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் புகார்தாரர் கவலை தெரிவித்திருந்தார். நியாயமான கவலை. ஆகவே, முகாமில் இரவும் பகலும் ஒரு பாதுகாப்பு அலுவலர் பிள்ளைகளோடு தங்கியிருக்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கிறது. அதற்கு உயர்நிலைப் பயிற்சி பெற்றவர் இந்தச் சபையில் ஒருவர்தான் இருக்கிறார்."

குணசேகர் தலைகுனிந்து அடக்கத்தோடு முன்னால் வந்தார். அவர் சட்டையில் பளபளவென்று ஒரு வில்லை குத்தப்பட்டது. கைதட்டல்.

"அடுத்து, புகார் கொடுத்த அந்தத் தைரியசாலியைக் கௌரவிக்க வேண்டும். இரகசியம் காப்பது எங்கள் கொள்கை. அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். முதல் வரிசையில், வலது ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் மேடைக்கு வரவும். நமது பாதுகாப்பு அலுவலர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்."

ஜெயவேலு எழுந்தார். கூட்டிப் போக வந்த இரண்டு பேரின் கையையும் தொடவிடவில்லை. படி ஏறினார். குணசேகர் ஜரிகைச் சால்வையை இரண்டு கையாலும் விரித்து, கேமராவுக்குச் சிரித்தபடி, அவர் கழுத்தருகே கொண்டுவந்தார்.

ஜெயவேலு அதை நடுவிலேயே பிடித்து வாங்கினார். நாலாக மடித்து, சுந்தரமூர்த்தியின் கையில் வைத்தார். ஒலிபெருக்கியின் பக்கம் போகவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்கு அது தேவைப்படவில்லை.

"இந்தாள் மேலதான் நான் புகார் குடுத்தேன். எங்க வீட்டுப் பிள்ளைகிட்டத் தப்பா நடந்துக்கினான். நாலு மாசமா இவுங்களுக்கும் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். உங்க பிள்ளைங்களோட இவனை மூணு நாள் அனுப்பறாங்க. பஸ்ல ஏத்தறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

"பெரியவரே," என்றார் சுந்தரமூர்த்தி, சால்வையைக் கையில் ஏந்தியபடி, "இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

குணசேகர் பிள்ளைகளின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். பாட்டை ஆரம்பிக்கச் சொல்லும் சைகை. கீபோர்டு ஆரம்பித்தது. பிள்ளைகள் ஆரம்பிக்கவில்லை.

நடுவரிசையிலிருந்து ஆஞ்சலா எழுந்தாள். செருப்பில்லாத காலோடு விறுவிறுவென்று பாடகர் மேடைக்குப் போய், தன் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாடி கீழ. பாட்டும் வேணாம், பஸ்ஸும் வேணாம்." திரும்பி குணசேகரைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் தமாசுக்குச் சொன்னேன் மாஸ்டர். நீ ஏன்யா அம்மாம் நேரம் சிரிச்ச?"

அதற்குப் பிறகு ஒரு தகப்பன் எழுந்தான். பிறகு மூன்று பேர். பிறகு எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. எல்லோரும் ஜெயவேலுவை நம்பி எழுந்தார்கள் என்று சொல்லமுடியாது. இத்தனை பேர் நடுவில் குடும்ப மானத்தைக் காற்றில் விட்டுவிட்டானே கிழவன் என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். பாடகர் மேடை காலியானது.

பஸ் கிளம்பியது. கிளம்பாமல் இருக்க முடியாது. முகாம் நடந்தாக வேண்டும் என்று ஆண்டுத் திட்டத்தில் இருந்தது. பாதுகாப்பு அலுவலர் குணசேகர், அவதானிப்பாளர் ஹரிஷ், கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், நாற்பத்தொரு சாப்பாட்டுப் பொட்டலங்கள். அடுத்த மாதத் திருமண்டல இதழில் குழுவின் அறிக்கை வந்தது: 'ஏற்காடு முகாமில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட ஏற்படவில்லை. நூறு சதவீத வெற்றி.' பொய் என்று சொல்ல முடியாது.

அது பிறகு. அன்று மத்தியானம் சாப்பிடாமலேயே ஜெயவேலு, ரோஸி, தீபிகா மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் காந்தா முப்பது வயதுக்காரி. கன்னடக்காரி, தமிழும் பேசினாள்.

"பன்னி, கூத்கொள்ளி," என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். படிவம் ஏதும் நீட்டவில்லை. ரோஸி சொல்லச் சொல்லக் கேட்டாள். பாதியில் பேனாவை மூடிவிட்டு தீபிகாவைப் பார்த்தாள். "பாப்பா, நீ இங்க எதுவும் பேசவேணாம். சாயங்காலம் நான் யூனிஃபார்ம் இல்லாம உங்க வீட்டுக்கு வரேன். அப்ப, உனக்கு இஷ்டம் இருந்தா பேசு. சரியா? அந்தாளு இப்ப எல்லி... எங்க இருக்கான்?"

"ஏற்காடு போற பஸ்ல," என்றாள் ரோஸி.

காந்தா போனை எடுத்து யாரிடமோ கன்னடத்தில் நாலு வார்த்தை பேசினாள். வைத்துவிட்டு ஜெயவேலுவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது தாத்தா?"

"ஜனவரி பதினெட்டு."

"இப்ப மே." காந்தா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே. நாலு மாசம் அவன் அங்கதானே இருந்தான், மத்த பசங்களோட?"

ஜெயவேலு தான் யாருக்கு எழுதினார், யார் என்ன பதில் போட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நாலு மாசத்தில் நடந்த பாட்டுப் பயிற்சிகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பதினாறு வந்தது.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தாலும் குத்தம் தாத்தா. போக்சோ சட்டத்துல இருக்கு. பாஸ்டர், அந்தக் கமிட்டி, தெரிஞ்சவங்க எல்லார் பேரும் வேணும். யார் யார், சொல்லுங்க."

"மாமா அப்படி இல்ல மேடம்," என்று ரோஸி குறுக்கே வந்தாள். "இவரு புகார்..."

ஜெயவேலு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கம்மா. மொதல் பேரு, ஜெயவேலு. அப்பா பேரு தேவசகாயம். அதையும் சேத்து எழுது."

காந்தா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து எழுதினாள்.